‘ஹலோ’வுக்கு அப்புறம் என்ன பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

போனில் நடக்கும் நேர்காணல் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம், எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊர் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். ஆள் எடுக்கிற வேலையில் இருப்பதால், அந்த முனையில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது திடீரென்று போன் வந்தது, பாட்டுச் சத்தம் வேறு. இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன், மூன்றாவது கேள்வி காதில் விழவே இல்லை. ‘சரி, சொல்லி அனுப்புகிறோம்’ என்று வைத்துவிட்டார்கள். எடுக்காமலே இருந்திருக்க வேண்டுமா? – விருதுநகர்

பதில்: எடுத்தது சரிதான். அங்கேயே நின்று பேச ஆரம்பித்ததுதான் வினை. முதல் அரை நிமிடத்திலேயே, “சார், இந்த வேலைக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது பஸ்ஸில் இருக்கிறேன், நாலு மணிக்கு அமைதியான இடத்தில் இருப்பேன், அப்போது பேசலாமா?” என்று கேட்டிருந்தால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மணி சொல்லிக் கேட்க வேண்டும். கூப்பிடுபவர் முன்னால் எக்செல் பட்டியல் ஒன்று திறந்திருக்கும், வரிசையாக எண்கள், பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். ‘4 மணி’ என்று சொன்னால் அதை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார், நாலு மணிக்குத் திரும்பி வருவார். ‘அப்புறம் பேசட்டுமா’ என்று மட்டும் சொன்னால் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை.

உங்களுக்கு இன்னும் வாய்ப்புப் போய்விடவில்லை. பஸ்ஸில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி பேச ஒரு நேரம் தர முடியுமா என்று விண்ணப்பித்த அதே மின்னஞ்சலுக்கு நாலே வரியில் எழுதுங்கள். திருப்பி அழைத்துப் பார்ப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் பல கம்பெனிகளின் எண்ணைத் திருப்பி அழைத்தால் பொது எண்ணான போர்டு லைனுக்குப் போய், யார் கூப்பிட்டார்கள் என்று அங்கே இருப்பவருக்கே தெரியாது.

இதோடு ஒன்று. வேலை தேடும் மாதங்களில், தெரியாத எண்களைத் தானாகவே சத்தமில்லாமல் ஆக்கிவிடும் வசதி உங்கள் போனில் ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்திவையுங்கள். மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ட்ரூகாலரில் உங்கள் எண்ணைப் போட்டால் என்ன பெயர் வருகிறது என்று நண்பரிடம் கேளுங்கள். யாரோ எப்போதோ ‘செல் கடை தம்பி’ என்று சேமித்து வைத்திருந்தால் கூப்பிடுபவர் திரையிலும் அதேதான் தெரியலாம். மாற்றிக்கொள்ள வழி அந்தச் செயலியிலேயே இருக்கிறது.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்து, உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். சென்னையில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குப் போனில் பேசினார்கள். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன், நடுவில் ஒரு வார்த்தை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். என் இங்கிலீஷுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் கிடைக்காதா? – திருவண்ணாமலை

பதில்: கிடைக்கும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதில் எனக்கு வருத்தமாக இருந்தது ஒன்றுதான்: உங்களிடம் சொல்ல நல்ல சரக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்திருக்கிறீர்கள்.

முதல் போன் பேச்சு பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடம்தான். கூப்பிடுபவர் உங்களை அளந்து மதிப்பெண் போடுவதற்காகக் கூப்பிடவில்லை. அவருக்குச் சில கட்டங்களை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்: இந்த வேலையைச் செய்தவரா, எத்தனை நாள், எந்த மென்பொருள், சம்பளம் என்ன எதிர்பார்க்கிறார், எப்போது சேருவார், பேசினால் புரிகிறதா. அவர் மேலே இருப்பவரிடம் உங்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்தை நீங்களே அவர் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ‘ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், குவிக் லேர்னர்’ என்று சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

ஆடிட்டர் ஆபீஸில் தினமும் என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களின் விற்பனை பில்களை டாலி மென்பொருளில் ஏற்றினேன், மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் படிவம்) தாக்கல் செய்தேன், 14-ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன் – இதைச் சுமாரான இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாலே போதும். இந்தத் தேதிகளைத் தடுமாறாமல் சொல்லும்போதே, இந்த ஆள் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அடுத்த கேள்வி பெரும்பாலும், “2பி-யில் வராத பில் இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்றுதான் வரும். “சப்ளையருக்குப் போன் போட்டு, அவர் ஜிஎஸ்டிஆர் 1-இல் ஏற்றிவிட்டாரா என்று கேட்பேன், அது வரும்வரை அந்த வரிக் கழிவை எடுக்க மாட்டேன், தனியாக ஒரு பட்டியலில் குறித்து வைப்பேன்.” இதற்கு மனப்பாடம் எதற்கு? செய்த வேலை நாக்கில் தானாக வரும். நீங்கள் தயாராக வேண்டியது, அந்த வேலையின் ஒவ்வொரு படியையும் வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பதற்குத்தான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் எல்லாம் சரளமாகத்தான் இருக்கும், உதட்டுக்கு வரும்போதுதான் எங்கே தட்டுகிறது என்று தெரியும். போனிலேயே பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேகம்தான் கோளாறாக இருக்கும், பயத்தில் ரயில் வேகத்தில் பேசுவோம்.

நின்றுபோனது பற்றி. நேரில் என்றால் நீங்கள் யோசிப்பது முகத்தில் தெரியும், போனில் அது வெறும் மௌனம், லைன் போய்விட்டதோ என்று அவர் ‘ஹலோ, ஹலோ’ என்பார், உங்களுக்கு இன்னும் படபடப்பாகும். அதனால் முகம் செய்கிற வேலை எல்லாவற்றையும் போனில் வாயால்தான் செய்ய வேண்டும். யோசிக்கிறீர்கள் என்றால் ‘ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். கேள்வி புரியவில்லை என்றால், ‘ஜிஎஸ்டி பற்றிக் கேட்கிறீர்களா, டிடிஎஸ் பற்றியா’ என்று திருப்பிக் கேளுங்கள், வெறும் ‘பார்டன்’ என்றால் அதே வேகத்தில் அதையேதான் திரும்பச் சொல்வார். தலையாட்டுவதற்குப் பதிலாக ‘சரி சார்’, ‘ஆமாம் மேடம்’ என்று நடுநடுவே சொல்லுங்கள். பதில் முடிந்துவிட்டது என்பதைக்கூடச் சொல்லலாம்: ‘இதுதான் நான் அங்கே செய்தது.’ அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஐந்தாறு விநாடி சத்தமே இல்லையென்றால் பதறாதீர்கள், எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியை நிரப்பப் போய்த்தான் பலர் சொல்லக்கூடாததைச் சொல்கிறார்கள்.

‘சாரி, எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இங்கிலீஷில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால், ‘இதைத் தமிழில் விளக்கட்டுமா’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் கம்பெனியாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள், எதிர்முனையில் இருப்பவரும் நம்மூர்ப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

கேள்வி: என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான். நொய்டாவிலிருந்து பேசியவர் ‘சர்நேம் என்ன’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார், என்ன சொல்வது? – ஈரோடு

பதில்: அப்பா பெயரை முழுசாகச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ எப்படி விரித்து எழுதியிருக்கிறதோ அப்படியே. போனில் பி, டி, வி எல்லாம் ஒரே மாதிரி கேட்கும், அதனால் ‘பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி’ என்று எழுத்துக்கூட்டிச் சொல்லி, எழுதிக்கொள்ள நேரம் கொடுங்கள். மின்னஞ்சல் முகவரிக்கும் இதே முறைதான். ஒரு எழுத்து மாறினால் அடுத்த சுற்றுக்கான அழைப்பு வேறு யாருக்கோ போய்விடும்.

கேள்வி: நான்கு வருட அனுபவம் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ‘கரன்ட் சிடிசி, எக்ஸ்பெக்டட் சிடிசி’ கேட்கிறார்கள். கூட்டிச் சொன்னால் தப்பா? எவ்வளவு கேட்பது? – மதுரை

பதில்: சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. இப்போது வாங்குவதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கடைசியில் சம்பளச் சீட்டும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-உம் கேட்பார்கள், அங்கே எண் ஒத்துப்போகவில்லை என்றால் கையில் வந்த வேலை போகும். எங்கே எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தீர்கள் என்பதும் பிஎஃப் கணக்கில் அப்படியே இருக்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதற்கு முன், சிடிசி என்கிற எண்ணுக்கும் வங்கிக்கு வரும் எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 6 லட்சம் என்கிறார்கள், மாதம் 50,000 என்று சந்தோஷப்படுவோம். அதில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது வேலையைப் பொறுத்து மாறும் தொகை என்றால் 5,000 மாதச் சம்பளத்தில் வராது. அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அதில் 4.81 சதவீதம், சுமார் 1,200 ரூபாய், சிடிசிக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள், அது ஐந்து வருடம் இருந்தால் கைக்கு வரும் என்ற கணக்கில் போட்டது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிஎஃப் பிடிக்கும் கம்பெனியாக இருந்தால் அவர்கள் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800, இரண்டும் உங்கள் சிடிசியிலிருந்துதான். ஆக மிஞ்சுவது 40,000 சொச்சம். மருத்துவக் காப்பீட்டையும் இதில் கழிக்கிற கம்பெனிகள் உண்டு.

அதனால் போனில் ஒரே ஒரு எண் சொல்லாமல், “இப்போது நிலையான சம்பளம் இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு, நிலையான பகுதியில் இந்த அளவுக்கு எதிர்பார்க்கிறேன்” என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘கம்பெனி விதிப்படி கொடுங்கள்’ என்பது பணிவாகத் தோன்றும், ஆனால் அது உங்களுக்குத்தான் நஷ்டம். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் 90 என்றே சொல்லுங்கள். பணம் கட்டிச் சீக்கிரம் வர முடியுமா, மிச்சமுள்ள விடுப்பைக் கழித்துக்கொள்ளலாமா என்று உங்கள் நியமன ஆணையை எடுத்துப் படித்துவிட்டுப் பேச உட்காருங்கள்.

கேள்வி: மெயிலில் ‘11 ஏஎம் ஈஎஸ்டி’ என்று போட்டிருக்கிறது. நமக்கு எத்தனை மணி? – சேலம்

பதில்: ஈஎஸ்டி என்பது அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரம். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை என்றால் நமக்கு இரவு 9.30. மற்ற மாதங்களில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவதால் இரவு 8.30. வருடம் முழுக்க ஈஎஸ்டி என்றே எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு, அதனால் பதில் மெயிலில் ‘இந்திய நேரம் இரவு 8.30 தானே’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கடைசி வருடம் படிக்கிறேன். போனில்தானே, யாரும் பார்க்க மாட்டார்கள், லேப்டாப்பில் சாட்ஜிபிடியைத் திறந்துவைத்துப் பதில் சொல்லலாம் என்கிறார்கள் நண்பர்கள். – கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். பார்க்க முடியாது, ஆனால் கேட்கும். கேள்வி முடிந்ததும் விசைகள் தட்டும் சத்தம், ஒரு இடைவெளி, அப்புறம் ஏற்ற இறக்கமே இல்லாமல் மூன்று பாயிண்ட் – ஆள் எடுப்பவர்களுக்கு இது இப்போது நன்றாகவே பழகிவிட்டது. உடனே ‘உங்கள் புராஜெக்டில் இதை எங்கே பயன்படுத்தினீர்கள்’ என்று கேட்பார்கள், அதற்குத் திரையில் பதில் இருக்காது. முந்தின நாள் அதையே கேள்வி கேட்கச் சொல்லிப் பயிற்சி எடுங்கள், அது நல்ல உபயோகம். பேசும்போது முன்னால் இருக்க வேண்டியது அச்செடுத்த ரெஸ்யூமே, அந்த வேலையின் விளம்பரம், பேனா, தண்ணீர். அடுத்த கேள்விக்கு உதவும்படி ஒவ்வொரு புராஜெக்டுக்கும் பக்கத்தில் நாலைந்து வார்த்தை கிறுக்கிவையுங்கள், முழு வாக்கியமாக எழுதினால் படிக்கத் தோன்றும்.

கேள்வி: ஐடியில் இருந்தேன், குழந்தை பிறந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். மறுபடி விண்ணப்பிக்கிறேன். போனில் ஐந்து வருட இடைவெளி பற்றிக் கேட்டதும் குரல் இறங்கிவிடுகிறது. ஒருவர் ‘குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்’ என்றே கேட்டார். வீட்டில் குக்கர் சத்தம், பக்கத்துக் கோயில் மைக், பேசவே இடமில்லை. – திருச்சி

பதில்: முதலில் அந்தக் கேள்வி. ஒரு அப்பாவிடம் அதைக் கேட்க மாட்டார்கள், உங்களிடமும் கேட்டிருக்கக் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டுவிட்டார்கள், வேலை உங்களுக்கு வேண்டும். வீட்டு ஏற்பாடுகளை விளக்க வேண்டாம். அவர் கட்டத்தில் எழுதப்போவது ‘நேரத்துக்கு வருவாரா’ என்பதைத்தான், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “வேலை நேரம் எனக்குச் சரியாக இருக்கும், ஷிஃப்ட் எப்படி என்று சொல்லுங்கள்.” அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 திருத்தத்திலிருந்தே சட்டம் சொல்கிறது, அதை வேலை உறுதியாகும் சுற்றில் தாராளமாகக் கேளுங்கள்.

இடைவெளிக்கும் ஒரே வாக்கியம்தான். “2020-இல் குழந்தைக்காக வேலையை விட்டேன், இப்போது முழு நேரம் வரத் தயார்.” சொல்லிவிட்டு நிற்காமல் அடுத்ததற்குப் போங்கள் – கடைசியாகப் பார்த்த வேலையில் என்ன பொறுப்பு, இந்த ஆறு மாதத்தில் எதைப் புதிதாகப் படித்தீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள். குரல் இறங்குவது அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பதால்தான். அடுத்த வாக்கியம் தயாராக இருந்தால் இறங்காது. நின்றுகொண்டு பேசிப் பாருங்கள், உட்கார்ந்து குனிந்து பேசும்போது வரும் குரலைவிட நன்றாக எழும்பும்.

சத்தத்துக்கு, ஆடி மாதக் கோயில் மைக்கை நாம் நிறுத்த முடியாது, நேரத்தைத்தான் மாற்ற முடியும். மைக் எத்தனை மணிக்கு ஓய்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். துணி, மெத்தை இருக்கும் உள்ளறையில் எதிரொலி குறைவு. ஒயர் உள்ள ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் போடாதீர்கள். அப்படியும் நடுவில் குழந்தை அழுதால், ‘ஒரு நிமிஷம், மன்னிக்கவும்’ என்று மியூட் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். கேட்காத மாதிரி தொடர்ந்து பேசுவதுதான் இரண்டு பக்கமும் சங்கடம்.

கேள்வி: தம்பி வெல்டர். கத்தார் கம்பெனி என்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி, ‘செலக்ட் ஆகிவிட்டாய், மெடிக்கலுக்கும் விசாவுக்கும் 25,000 அனுப்பு’ என்கிறார்கள். அனுப்பலாமா? – ராமநாதபுரம்

பதில்: அனுப்பாதீர்கள். இதை வேறு எல்லாக் கேள்விக்கும் முன்னால் படித்துப் பதிலும் அனுப்பச் சொல்லிவிட்டேன், ஆனாலும் இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தம்பியிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். நிஜமாகவே வெல்டர் எடுக்கிறவர், ஆர்கானா ஆர்க்கா, 6ஜி (சாய்வாக நிறுத்திய பைப்பில் வெல்டிங்) போட்டிருக்கிறாயா, எத்தனை இன்ச் பைப், ரூட் (முதல் அடுக்கு) எதில் போட்டாய், ஃபில்லிங்குக்கு 7018 ராடா, எக்ஸ்ரே டெஸ்டில் எத்தனை ஜாயின்ட் தேறியது என்று குடைவார். போனில் பேசியபின் கையில் டார்ச்சைக் கொடுத்து டிரேடு டெஸ்ட் வைக்காமல் தேர்வு செய்வது அரிது. பெயர், வயது, பாஸ்போர்ட் இருக்கிறதா, பணம் எப்போது – இவ்வளவுதான் கேட்டார்கள் என்றால் அது வேலைக்கான பேச்சே இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டாக இருந்து ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்றவருக்குத்தான் உரிமை. மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்சியின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ரசீதோடு. உரிம எண் கேட்டதும் ‘அவசரம், இன்றைக்கே கட்டணும்’ என்று பேச்சை மாற்றினால் போனை வைத்துவிடலாம். பாஸ்போர்ட் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், வேலைக்கு என்று சொல்லி விசிட் விசாவில் ஏற்றிவிடப் பார்த்தால் கிளம்பவே வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வளைகுடா வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது, அவர்கள் தளத்தில் தம்பியைப் பதிவு செய்துவையுங்கள். வெல்டிங் சான்றிதழ், வேலை பார்த்த கம்பெனிக் கடிதம் இரண்டையும் போட்டோ எடுத்துப் போனிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கத்தாரிலிருந்து யாராவது நிஜமாகவே நேரம் குறித்தால், அவர்களுடைய மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை.